பத்தாம் மாடியில் நிற்காத லிஃப்ட்

தங்கச்சி,

போன செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்காகப் பேத்தி என்னை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போனாள். நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்த இடத்துக்கு எதிரே சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். இரண்டு பாதங்கள். ஒன்றில் கட்டுப் போட்டிருக்கிறது; கட்டுக்கு வெளியே தெரியும் விரல் கறுத்திருக்கிறது. கணுக்காலுக்கு மேலே ஆளே இல்லை. கீழே மலாயில் ஏதோ எழுதியிருந்தது. பேத்தியைக் கேட்டேன். "சீனியைக் குறைங்கன்னு போட்டிருக்கு பாட்டி" என்றாள்.

எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். உன் காலோ என்று ஒரு சந்தேகம். இல்லை. உன் பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும். இது முழு நகம். யாரோ ஒருவருடைய கால். அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டுக்கு ஒரு படிக்கட்டு இருக்கும். அதை யாரும் படம் எடுக்கவில்லை. என் நம்பரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள்.

நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் நடந்தது எதுவும் எனக்குள் கோணவில்லை. யார் என்ன சொன்னார்கள், சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டார்கள், எல்லாம் அப்படியே இருக்கிறது. "அக்காவுக்கு மறதியே வராது, அவங்களுக்கு இருக்கிற ஒரே வியாதி அதுதான்" என்று மாடியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். சொல்லிவிட்டுப் போ. வியாதியாகவே இருக்கட்டும்.

இனிப்பு நீர் வியாதியால் உன் இடது காலை எடுத்து, அப்புறம் சிறுநீரகமும் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகுதான் நம் இரண்டு வீடும் பத்தாம் மாடியில் இருப்பதே நமக்கு உறைத்தது. லிஃப்ட் எட்டாம் மாடியில் நிற்கும், பன்னிரண்டில் நிற்கும். பத்தில் நிற்காது. கட்டியவன் அப்படிக் கட்டிவைத்திருக்கிறான். ஃபேக்டரிக்குப் போன காலத்தில் நாம் பேசிக்கொண்டே அந்த இரண்டு மாடியை இறங்கிவிடுவோம், பேச்சு முடியாவிட்டால் எட்டாம் மாடியில் லிஃப்டை விட்டுவிட்டு நின்றுகூடப் பேசியிருக்கிறோம். கால் போன பிறகு அடுத்த வீட்டு அஸ்மானும், லாரி ஓட்டுகிற குமாரும், கூட யார் கிடைக்கிறார்களோ அவர்களும் சேர்ந்து உன்னைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். திரும்பி வரும்போது ஏற்றினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தர்ஷினி வந்தாள். கழுத்தில் கேமரா, கூட அவள் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர். இல்லாதவர்களுக்கு வரும் நோயைப் படமாகவும் கதையாகவும் ஊருக்குக் காட்டினால், மேலே இருப்பவர்கள் கேட்பார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் எண்ணம். நல்ல எண்ணம்தான். நீ யோசிக்கக்கூட இல்லை, உடனே சரி என்றாய். எனக்குத்தான் சுருக்கென்றது. உன்னைத் தனியாகக் கேட்டேன்.

"லிஃப்ட பத்தி ஃப்ளாட் ஆபீஸ்ல எத்தனை வாட்டி சொல்லிட்டேன்கா. வாயால சொன்னா அவங்க காதுல விழல. கண்ணால பார்த்தா விழுமோ என்னவோ" என்றாய்.

படம் எடுக்கிறார்கள் என்றால் நல்லதாக உடுத்துவதுதானே நம் வழக்கம். அந்த நாள் காலையில் நீ மயில் கழுத்து நிறப் பட்டைக் கட்டிக்கொண்டாய். நான் என் சங்கிலியைக் கழற்றி உனக்குப் போட்டுவிட்டேன். முதல் நாளே லிட்டில் இந்தியாவில் வாங்கி வைத்திருந்த மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டேன். பவுடர் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

தர்ஷினி உள்ளே வந்தாள். உன்னைப் பார்த்தாள். அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

"ஆன்ட்டி, ரொம்ப அழகா இருக்கீங்க. ஆனா... வீட்டுல எப்பவும் இருக்கிற மாதிரி இருந்தா போதும்லா. நைட்டி, இல்லேன்னா கைலி."

"நைட்டியா? ஊரே பார்க்கிற படத்துக்கா?" என்றாய் நீ.

"சங்கிலியையாவது கழட்டிடலாம் ஆன்ட்டி. பார்க்கிறவங்க மனசு உருகணும்."

"உருக வேணாம்மா. லிஃப்ட் நின்னா போதும்."

நான் வாயைத் திறக்கப் போனேன். நீ கையைக் காட்டி என்னை அடக்கினாய். அவளிடம் கோபமில்லாமல்தான் சொன்னாய்: "என் பொணத்தக்கூட நைட்டியில தூக்க விடமாட்டேன் கண்ணு. எடுக்கிறதுன்னா இப்படியே எடு. இல்லேன்னா பசியாறிட்டுப் போ, தோசை இருக்கு."

அப்போது வாசலில் குமார் சத்தம் கேட்டது. அன்றைக்கு டயாலிசிஸ் நாள். உன்னைப் பட்டுப் புடவையில் பார்த்ததும் அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினான். "ஏலே அஸ்மான், ஓடியா! தேர் புறப்படப் போவுது!" நாற்காலியோடு உன்னைத் தூக்கினார்கள். முதல் திருப்பத்தில் நாற்காலி சரிந்தது. "கக், பெகாங் குவாட்-குவாட்!" என்று அஸ்மான் கத்தினான், அக்கா, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று. நீ ஒரு கையால் அவன் தலைமயிரையே பிடித்துக்கொண்டாய். அவன் அலறினான். நீ சிரித்தாய். நாலு ஆண்கள் வேர்த்துக் கொட்ட, நடுவில் நீ பட்டும் பூவுமாக, ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றக் கால் இருக்க வேண்டிய இடத்தில் கொசுவம் வெறுமையாக ஆட. கீழே இருந்து கேமரா சத்தம் கேட்டது. நைட்டியைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

அந்தப் படத்தை ஜார்ஜ்டவுனில் கண்காட்சி வைத்து, ஒரு பழைய கடைவீட்டுச் சுவரில் பெரிதாக மாட்டினார்கள். நாமும் போனோம். தேர் ஊர்வலம் மாதிரி இருந்ததால் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள். பிறகுதான் படியைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் காலைப் பார்த்தார்கள். அதுவரைக்கும் சரி.

நம்மாள் ஒருத்தி, விரலில் கார்ச் சாவியைச் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "பட்டு என்ன, சங்கிலி என்ன. இவங்களுக்கு என்ன கஷ்டமாம்? வாயக் கட்டலேன்னா கால் போகத்தான் செய்யும்." நாம் பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"சங்கிலி அக்காவோடதுங்க" என்றாய் நீ. "கால் மட்டும்தான் என்னோடது."

அவள் திரும்பிப் பார்த்தாள், அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டாள். நான் அவள் பின்னாலேயே போகப் பார்த்தேன். நீ என் கையைக் கிள்ளினாய். "விடுங்கக்கா. அவங்க வீட்டு லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்கும், அவங்களுக்கு எப்படித் தெரியும்?" நீ விட்டாய். நான் விடவில்லை. இன்றைக்கும் மார்க்கெட்டில் பார்த்தால் அந்த முகத்தைக் காட்டுவேன்.

படம் கைப்பேசியில் ஊரெல்லாம் சுற்றியது. ஒரு பெரிய மனிதர் ஆட்களோடு வந்தார். எட்டாம் மாடியில் இறங்கி, மிச்சத்தை ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இனி நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை, படியே சொல்லிவிட்டது என்று நினைத்தேன். அவர் ஒரு சக்கர நாற்காலியும் ஒரு பெரிய கூடையும் கொடுத்தார். கூடையில் பிஸ்கட், கேக், இனிப்புப் பால் டின். உன்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். "லிஃப்ட்?" என்று நான் கேட்டேன். "பார்க்கலாம் அம்மா, பார்க்கலாம்" என்றார். இறங்கும்போது படிக்கட்டு அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர்கள் போனதும் நீ பால் டின்னைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "இன்னொரு கால் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சே கொண்டாந்திருக்காங்கக்கா" என்றாய். அன்றைக்கு நானும் சிரித்துவிட்டேன். சக்கர நாற்காலி வீட்டு வாசல் நடையில் மடங்கி நின்றது. படியில் அதை எப்படித் தள்ளுவது? கடைசியில் துணி காயப்போட உதவியது.

அந்த வருஷக் கடைசியில் மழை விடவே இல்லை. குமாருக்கு வெளியூர் லோடு. அஸ்மானை ஃபேக்டரியில் ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்கள். இருந்த ஒன்றிரண்டு பேருக்கு ஈரப் படியில் உன்னைத் தூக்கத் துணிவு இல்லை, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். "இன்னைக்கு ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது" என்றாய். அடுத்த முறையும் மழை. முகம் வீங்கி, படுத்தால் மூச்சு விட முடியாமல் ஆனபோது ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து தூக்கிப் போனார்கள். அதே படிதான்.

பெரியாஸ்பத்திரியில் சாயங்காலம் உனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டாய்.

"அந்தப் பொண்ணு வருவா. இனிமே கதைய நீங்க சொல்லுங்கக்கா."

"நீயே எழுந்து வந்து சொல்லு."

"கேளுங்கக்கா. என்னைய மாதிரி சிரிச்சுச் சொல்ல உங்களுக்கு வராது. கோவமாவே சொல்லுங்க. ஆனா கால்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. எல்லாரும் கால்லேர்ந்தே ஆரம்பிக்கிறாங்க. அப்புறம் கேக்கிறவனுக்குச் சீனி மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

அதற்கப்புறம் நீ பேசியதெல்லாம் தண்ணீர் வேண்டும், போர்வை வேண்டும் என்பதுதான். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

தர்ஷினி இறுதிச் சடங்குக்கு வந்தாள். கேமரா இல்லாமல் வந்தாள், அதைக் கவனித்தேன். சில மாதம் கழித்து, நர்ஸுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உன் படத்தைக் காட்டப் போவதாகவும் கூட வந்து பேச வேண்டும் என்றும் கேட்டாள். மேடையில் நான் எங்கே பேசியிருக்கிறேன்? ஆனால் நீ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். போனேன். இப்போது அடிக்கடி போகிறேன். வண்டியில் போகும்போதெல்லாம் அந்த நைட்டிப் பேச்சை அவளுக்கு ஞாபகப்படுத்துகிறேன். "தெரியும் ஆன்ட்டி, போன வாரமும் சொன்னீங்க" என்கிறாள். அடுத்த வாரமும் சொல்வேன்.

லிஃப்ட் இன்றைக்கும் பத்தில் நிற்பதில்லை. போன மாதம் இரண்டு பேர் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். ஆறாவது பிளாக்கில் ஒருவருக்குக் கால் எடுத்திருக்கிறார்கள், அவர் வீடும் லிஃப்ட் நிற்காத மாடிதான். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கல்லூரியில் விளக்கை அணைத்து முதலில் உன் படத்தைத்தான் போடுவார்கள். பிள்ளைகள் உன் புடவையைப் பார்த்து ஆ என்பார்கள். நான் எழுந்து, படத்தை நிறுத்து, விளக்கைப் போடு என்பேன். முன்வரிசையில் யாராவது ஒரு பெண் மலாயில் கேட்பாள், தர்ஷினி தமிழில் சொல்வாள்: "கால் எப்படிப் போச்சுன்னு கேக்கிறாங்க ஆன்ட்டி."

"இரும்மா, வருது" என்பேன்.

பிறை ஊரில் ஒரு ஃபேக்டரி. அங்கே ஒரு ஷிஃப்ட் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலை. உடம்புக்கு முடியவில்லை என்று எம்.சி. லீவு போட்டால் அந்த மாதத்து அட்டண்டன்ஸ் காசு போய்விடும், அதனால் கிளினிக் நாளில் யாரும் கிளினிக்குப் போகமாட்டார்கள். புதிதாக வந்த ஒருத்திக்கு, என்னைவிடச் சின்னவள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், கம்பெனி கொடுத்த ஷூ ஓர் அளவு சிறிதாக இருந்தது. மாற்றிக் கேட்டாள். ஸ்டோக் இல்லை, அடுத்த மாதம் வா என்றார்கள்.

அங்கிருந்துதான் தொடங்குகிறேன், தங்கச்சி. உன் கால் வருவதற்கு இன்னும் வெகு நேரம் இருக்கிறது.