கலயத்துக் கோதுமை

ஐப்பசி 4, திங்கள்

வெயில். இலை அசையவில்லை. இன்றிலிருந்து நாட்குறிப்பு. நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு. அழகுக்காக எதையும் சேர்ப்பதில்லை. வருத்தம் தருவதையும் விடுவதில்லை. யாரும் படிக்கப் போவதில்லை, ஆகையால் பயமும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பூகோளப் பரீட்சை. பருவக்காற்று பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் இல்லை. குற்றாலத்தில் அருவி நூலாக இறங்குகிறதாம், கூடப் படிக்கும் கமலா சொன்னாள். குரங்குகள் தென்காசி ரோடு வரை வந்துவிட்டன.

அப்பாவைப் பற்றி. விவசாய இலாகாவில் டிமான்ஸ்டிரேட்டர். ஊர் ஊராகப் போய்ப் புது விதை பற்றிச் சொல்லும் வேலை. மனசெல்லாம் சுரண்டை ரோட்டில் உள்ள எங்கள் மானாவாரி நிலத்தில். மூன்று வருஷமாக அங்கே கோதுமை. மழை தப்பி மற்றதெல்லாம் சுருண்டு விழும்போது பச்சை மாறாமல் நிற்கிற செடிக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டுவார். அந்தக் கதிர்தான் அடுத்த வருஷத்து விதை. முதலில் ஒரு பிடி. பிறகு ஒரு படி. இப்போது ஒரு கலயம் நிறைய. சாம்பல் கலந்து, வேப்பிலை போட்டு, வாயைத் துணியால் கட்டி, பரண்மேல். உலகத்தில் வேறெங்கும் இந்த விதை கிடையாது என்கிறார். (சரிபார்க்க எனக்கு வழியில்லை.)

ஐப்பசி 5, செவ்வாய்

வெயில். கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. பென்சில் வாங்க வேண்டும்.

காலையில் அப்பா முகச்சவரம் செய்துகொண்டே அம்மாவிடம் சொன்னது, அப்படியே: "இந்த வருசமும் கொஞ்சம் காஞ்சாத்தான் நல்லது. நிக்குத செடி எது, விழுத செடி எதுன்னு அப்பத்தான் தெரியும்."

பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை எங்கள் கிணற்றடியில் நின்றிருந்தாள். கயிறு கையிலேயே நின்றுவிட்டது.

"நல்லாருக்கு அண்ணாச்சி! ஒங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும். எங்களுக்கு வானம்லா குடுக்கணும்!"

பாதிக் குடத்தோடு போய்விட்டாள். அம்மா தண்ணீர்ச் செம்பை அப்பாவிடம் நீட்டினாள். "வாயக் கொப்புளிங்க மொதல்ல" என்றாள்.

மழை வேண்டாம் என்று ஒரு மனிதர் சொல்வாரா? அதுவும் அப்பாவா? பிறகு என்னிடம் விளக்கினார். இதுவரை தாங்கியது தற்செயலாக இருக்கலாம், இன்னும் ஒரு வருஷம் காய்ந்து பார்த்தால்தான் நிச்சயம், நிச்சயமானால் கரிசல்காட்டில் யாருமே வானத்தைப் பார்த்து அழ வேண்டாம். நியாயம் புரிகிறது. ஆனால் அத்தை வீட்டுப் பருத்தியை நான் பார்த்திருக்கிறேன். தொட்டால் பொடிகிறது.

சாயங்காலம் கமலா: "ஏட்டி வடிவு, ஒங்கப்பா மழையக் கட்டி வச்சிருக்காராமே? எந்தப் பானையில?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஐப்பசி 7, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா காலையில் சிவகிரிக்குக் கேம்ப். தெருவில் மழைக்கஞ்சி. மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகப் பிச்சை எடுத்து, முச்சந்தியில் கஞ்சி காய்ச்சிக் குடித்து, அங்கேயே ஒப்பாரி வைப்பார்கள். நல்ல குடும்பத்துப் பெண்களைப் பிச்சை எடுக்க விட்டோமே என்று வானத்துக்கு வெட்கம் வர வேண்டும். கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லக்கூடாது. யுத்தத்தால் ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை, அதனால் எல்லா வீட்டிலும் கோதுமைதான் போட்டார்களாம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீட்டில் அம்மா இல்லை. பின்கட்டில் கலயம், கழுவிக் கவிழ்த்து. சாக்கடையோரம் வேப்பிலை. சாம்பல் கரைந்த தண்ணீர்.

முச்சந்திக்கு ஓடினேன். அண்டா பாதி காலி. பெண்கள் எல்லோரும் ஒரே சத்தம்.

"ரேசன் கோதுமையத் தின்னு தின்னு நாமளும் வடக்கத்தியா ஆயிருவோம் போல."

"ஆனா ஆவட்டும், அந்த ஊரு மழையாவது இங்க எட்டிப் பாக்கும்."

அம்மா ஒரு ஓரமாக, கையில் தம்ளர். "அம்மா, கலயம்…" என்றேன். "வாய மூடுட்டி" என்றாள், உதடு அசையாமல்.

அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி அப்பா வந்தார். பசி முகம். செல்லம்மா அத்தைக்குக் கோபம் ஆறியிருந்தது. "வாங்க அண்ணாச்சி, நீங்கதான் மொதல்ல குடிக்கணும், செஞ்ச பாவம் தீரட்டும்" என்று ஒரு செம்பு நீட்டினாள். அப்பா சிரித்துக்கொண்டே குடித்தார். முழுவதும்.

கடைசி வாயில் மென்றார். நிறுத்தினார். நாக்கிலிருந்து ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிறிய மணி, செம்மண் நிறம். ரேஷன் கோதுமை வெள்ளையாய் இருக்கும்.

வீட்டுக்கு நடந்தார். பரணில் ஏணி போடும் சத்தம் தெரு வரை கேட்டது.

ஐப்பசி 8, வெள்ளி

வெயில். அப்பா ஆபீஸ் போகவில்லை.

விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. செல்லம்மா அத்தை வந்து அழுதாள். "மதினி ரேசன் கோதுமைன்னு நெனச்சு எடுத்துட்டா அண்ணாச்சி. ரெண்டும் கோதுமைதான, பொம்பளைக்கு என்ன தெரியும்?" அப்பா, "ஆமா, அவ என்ன செய்வா" என்றார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை.

ஆனால் ரேஷன் கோதுமை இருப்பது அடுப்படித் தகரத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில். தவறுதலாக யாரும் ஏணி போட்டுப் பரணில் ஏறுவதில்லை. சாம்பலை ஏழு தண்ணீர் விட்டு அலசுவதும் இல்லை.

அம்மா! அப்பாவுக்கு இது தோன்றவில்லையா? தோன்றியும் பேசாமல் இருக்கிறாரா? நான் சொல்ல வேண்டுமா? தெரியவில்லை.

ஐப்பசி 11, திங்கள்

மழை!! மத்தியானம் மூன்றாம் பாடத்தில் ஆரம்பித்தது. டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நனைந்துகொண்டே வீட்டுக்கு. புத்தகங்கள் நாசம். குற்றால மலை தெரியவே இல்லை, ஒரே வெள்ளை.

தெருவே எங்கள் வீட்டில். செல்லம்மா அத்தை அம்மாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "தெரியாமக் குடுத்தாலும் மதினி கோதுமைதான் மழைய இழுத்துட்டு வந்துட்டு!"

அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "தெரியாம ஒண்ணும் குடுக்கல. இவுக சொன்ன சொல்லுக்குப் பரிகாரமா, தெரிஞ்சுதான் குடுத்தேன்."

ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சாப்பாடு ஆயிற்று. நான் கூடத்தில் எழுதுகிறேன், அவர்கள் உள்ளே. நிலம் நனைந்துவிட்டது. விதைக்கிற பதம். அப்பாவிடம் விதைக்க ஒரு மணி கிடையாது. இப்போது பேசுகிறார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா குடுத்திருப்பியளா?"

அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்துகிற சத்தம்.

"மாட்டேன்."

லைட்டை அணைத்துவிட்டார்கள்.