மூன்று வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு

காபெஸ்,
ஞாயிறு காலை

என் கண்ணே ஹாஜர்,

இறைவன் அருளால் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. கல்வி உதவித்தொகை கிடையாது என்று எழுதிவிட்டார்கள், படிப்பை விட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீ போனில் அழுததிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்தத் தொகை வேண்டுமானால் பெற்றவர்களில் ஒருவர் படிப்புக்கு முந்தைய ஆறு வருடத்துக்குள் மூன்று வருடமாவது அங்கே முறையாக வேலை பார்த்திருக்க வேண்டும், அப்பாவுக்கு ஒரு மாதம் குறைகிறது என்றாய். அது எந்த மாதம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை மகளே. எனக்கு வயிற்றில் கட்டி எடுத்தபோது ரொட்டித் தொழிற்சாலை வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தாரே, அப்போது விட்டதுதான். என்னால்தானே என்று நான் புலம்பினேன், அதற்கு அப்பா, "ஆமா, நீ வேணும்னே கட்டி வளத்த பாரு, பேசாம அடுப்புல கூஸ்கூஸ் தீயாமப் பாரு" என்று சீறினார், ஆனால் முகம் செத்துப் போயிருந்தது.

பிறகுதான் எனக்கு உறைத்தது, அப்பா வேலையை விட்ட தேதியை ஞாபகத்திலிருந்து சொன்னார், நீயும் அதையே எழுதிவிட்டாய், காகிதம் எதையும் யாரும் பார்க்கவில்லை. தொழிற்சாலைக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன், மாட்டேன் என்றார். "மூணு வருஷம் சோறு போட்ட எடத்த சொல்லாம கொள்ளாம விட்டுட்டு வந்தவன், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுவேன்?" நான்கு நாள் இழுத்தார். ஐந்தாம் நாள் நானே எண்ணைப் போட்டு அவர் காதில் வைத்துவிட்டேன். எடுத்தது அவருக்கு மேற்பார்வையாளராக இருந்த ஹில்கே அம்மாள். திட்டப் போகிறாள் என்று இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்க, அவள் முதலில் கேட்டது, "மௌல்தி, உன் பொண்டாட்டி நல்லா இருக்காளா?" என்றுதானாம். இவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும், "அட போய்யா, அதுவரைக்கும் நீ எங்க லீவு எடுத்த, சேந்து கெடந்த லீவையெல்லாம் போட்டு அஞ்சு வாரம் ஒன்ன வேலையிலதான் வச்சிருந்தேன், சம்பளமும் வந்துச்சே, பாக்கலியா?" என்றாளாம். வந்த பணத்தைக் கணக்கு முடித்து அனுப்பியது என்றல்லவா இந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார்! போனை வைத்தவர் சிரித்தார், அந்த அடுப்புச் சூட்டையும் மாவு மூட்டைகளையும் பற்றி எனக்கு இதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னார்.

அவள் அனுப்பிய சான்று வியாழக்கிழமை வந்தது. மூன்று வருடமும் நான்கு நாளும், முத்திரையோடு. அசல் இந்த உறைக்குள் இருக்கிறது, நகல் எடுத்து வைத்துக்கொள். மறு விண்ணப்பத்துக்கு ஒரு மாதம்தான் தவணை என்றாய், வரும் பதினெட்டாம் தேதி முடிகிறது, அதற்கு முன் நேரில் போய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேள், கூச்சப்படாதே. முடிவு அவர்கள் கையில்தான், ஆனாலும் என் மனசு நல்லதையே சொல்கிறது. மாதுளை காய்த்திருக்கிறது, காயவைத்த மிளகாயும் ஹரீஸா மிளகாய் விழுதும் தனியாக அனுப்புகிறேன். அப்பா ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னார், தகப்பன் தொழில் என்ற இடத்தில் போன தடவை நீ 'கூலி' என்று எழுதியிருந்தாயாம், இந்த முறை 'ரொட்டி சுடுபவர்' என்று எழுத வேண்டுமாம்.

போகிற பாதையெல்லாம் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும், படைத்தவன் உன்னைக் கைவிடமாட்டான். கழுத்துத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா மப்ரூக்கா