கிளைட்டனும் கயிறு பிடிக்கட்டும்

அன்புள்ள டயனாவுக்கு,

மாதா காவலில் நீயும் மகன் கிளைட்டனும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கும் சுகம். போன கிழமை வெயிலில் மயங்கி ஒரு நாள் கிளினிக்கில் படுத்திருந்தேன். பயப்படாதே.

அங்கே நம் நாட்டு, சிலாபத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். நம் மகன் டெஸ்ட் டியூப் பிள்ளை, கடல் தண்ணி ஆகாத உடம்பு என்றேன்.

"யாரு சொன்ன? கருப்பிடிக்க மட்டுந்தானே வெளியில உதவி செஞ்ச. பிறகு தாய்ட வயித்துலதானே வளந்த. மத்தப் பிள்ளைகள் மாதிரி விளையாட விடுங்க அண்ணன்" என்றாள்.

யாரும் சொல்லவில்லை, டயனா. நானாக நினைத்துக்கொண்டது. நான் ஊரில் இருந்தபோது, கடலில் விரித்த கரைவலையைக் கரைக்கு இழுக்கையில் எல்லாப் பிள்ளைகளும் கயிறு பிடித்து, கூலியாக ஒரு கை மீன் வாங்கிப் போவார்கள். இவனை மட்டும் தொப்பி போட்டு மணலில் உட்கார வைத்தேன். ஒருநாள் என் பங்கில் மீன் நீட்டினேன். "நான் இழுக்கல்லதானே டடா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

போனில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இனி அவனை இழுக்க விடு. உள்ளங்கை உரசினால் தேங்காய் எண்ணெய் பூசு. இங்கிருந்து லீவில் ஊருக்கு வந்திருக்கும் தோமஸ் திரும்பும்போது கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. கடையில் வாங்காதே. அவன் இழுத்து வாங்கிய மீனாக இருக்கட்டும்.

வேலைக்கு வேன் வந்துவிட்டது.

றொபி