நாலாவது மேடு

ஜீவனஹள்ளி,
பெங்களூரு.

பெரு நாட்டில் குடியேறிய பெருச்சாளியும், தாரணியையே சுற்றிச் சுற்றி ஆராயும் தாரணியுமான என் அன்பு அக்காவுக்கு,

வீணா எழுதுவது. நலம். நலம் என்று போட்டது மரியாதைக்கு. விவரம் கீழே வருகிறது.

போனில் சொல்லாமல் எதற்கு மெயில் என்று கேட்பாய். அப்பாவைப் பற்றி உன்னிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று அம்மா தன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். சொல்லத்தான் கூடாது. எழுதுவதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதனால் காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து தட்டுகிறேன். அட்டெண்டர் "பேக முகிசம்மா" என்று இரண்டு தடவை கத்திவிட்டார். சீக்கிரம் முடிக்க வேண்டுமாம்.

முதலில் சிரிக்கிற செய்தி. எதிர்வீட்டு மௌரீன் ஆன்ட்டியிடம் நீ என்ன படிக்கிறாய் என்று அம்மா பெருமையாக விளக்கினாள். காற்றிலும் கடல் மாதிரி ஏற்ற இறக்கம் உண்டு, அதற்கு ஓதம் என்று பேர், எங்க பெரியவ அதைத்தான் ஆராய்ச்சி பண்றா என்றாள். ஆன்ட்டி ஈரம் ஊறிப்போன நம் சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்து, "இங்கியே இவ்ளோ ஓதம் அடிச்சிக் கெடக்கு பாஞ்சாலி, இதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போனா?" என்று கேட்டார். அம்மா நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் சிரித்தேன். முன்னே மாதிரி வரவில்லை. சிரிப்பதற்கும் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

இப்போது விஷயம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ சொன்னாய்: அப்பாவுக்கு நல்லாகிவிட்டது, அதனால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சம்மதிக்கப் போகிறேன், வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்று. அப்பா தலையாட்டினார். நீ போனை வைத்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

போன தடவை வந்தபோது, ஆஸ்டின் டவுன் பேக்கரியில் ஒரு பன்னைப் பூமியாக்கி நீ பாடம் எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அமேசானிலும் காங்கோவிலும் இந்தோனேசியாவிலும் தினம் பெய்யும் இடிமழையின் சூடு காற்றைத் தள்ளும், அது அலையாக நூறு கிலோமீட்டர் மேலே ஏறி அங்கே ஓடும் மின்சாரத்தைக் கலக்கும், அதனால் நிலநடுக்கோட்டுக்கு மேலே மின்துகள்கள் சில இடத்தில் மேடு கட்டும், சில இடத்தில் பள்ளமாகும் என்றாய். எல்லா ஊரையும் அந்தந்த ஊரின் இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் உலகத்தைச் சுற்றி நாலு மேடு தெரியும். ஆனால் அந்த அலையில் இருப்பது மூன்றே மேடுதான், அது கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரே மணிக்குப் பார்ப்பதால்தான் நாலாகத் தெரிகிறது என்றாய். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பன்னைத் தின்றுவிட்டேன்.

இப்போது புரிகிறது. நீ எப்போதும் நம் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் கூப்பிடுகிறாய். நீ பார்க்கும் அப்பா அந்த நாலாவது மேடு.

அந்த ஏழு மணிக்காக மத்தியானம் முழுக்க அவரைத் தூங்க வைக்கிறோம். ஷிஃப்ட் முடிந்து வந்து அம்மா சவரம் செய்துவிடுகிறாள். வலது கை தெரியாமல் துண்டு போடுகிறோம். "நல்லா இருக்கேன் கண்ணு. நீ வேலையப் பாரு." இந்த இரண்டு வாக்கியத்தையும் அவர் ஐந்து மணியிலிருந்தே முணுமுணுத்துப் பழகுகிறார். மூன்றாவது வாக்கியம் தேவைப்படும்போதுதான் நான் பின்னாலிருந்து ரப்பர் பல்லியை ஆட்டுகிறேன். நீயும் சிரித்துவிட்டு, "இந்தக் குரங்கு திருந்தாதா?" என்று என்னைத் திட்டப் போய்விடுகிறாய். அதுதான் என் வேலை. பல்லிக்கே அலுத்துப்போயிருக்கும்.

காலையில் அப்பாவுக்கு வார்த்தை வருவதில்லை. தை மாசம் வந்த பக்கவாதம் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னோம். போகவில்லை. போன வாரம் ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, "சாவி குடு" என்றார். நம் வீட்டில் வார்த்தையை வைத்து விளையாடக் கற்றுக்கொடுத்ததே அவர்தானே. ஏதோ சிலேடை போடுகிறார் என்று நினைத்து, "ஆதிகேசவன் சார், எந்தப் பூட்டுக்கு?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் மறுபடியும் சாவி, சாவி என்றார். நான் இன்னும் சிரித்தேன். அப்புறம்தான் அவர் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர் கேட்டது தண்ணீர், அக்கா.

அதற்கப்புறம் நான் வீட்டில் சிலேடை பேசுவதில்லை. எது விளையாட்டு, எது நிஜம் என்று ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மா நின்றபடியே தூங்குகிறாள். நானும் வகுப்பில் தூங்குகிறேன்.

உன்னை வா என்று நான் எழுதவில்லை. அங்கேயே இரு என்றும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை நீ என்ன பதில் சொன்னாலும் நான் சண்டை போட மாட்டேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை எங்கள் காலையில் கூப்பிடு. உனக்கு அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரமாக இருக்கும், பரவாயில்லை. அம்மா வேலைக்குப் போயிருப்பாள். நான் எதையும் ஆட்டாமல், எதையும் மூடாமல், போனை அப்பா முகத்துக்கு நேரே பிடிக்கிறேன். அவர் உன்னை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திருத்தாதே. "சொல்லுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திரு. கொஞ்ச நேரம் ஆகும்.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
வீணா