ஒரு கால்விரலும் பன்னிரண்டு வரிகளும்

அக்கா,

இன்று காலை எங்கள் மருந்து கட்டும் அறைக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்தது. பழையதில் கிடந்தவற்றைப் புதியதற்கு மாற்றித்தர யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், மீசை நரைத்த மனிதர். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"உது என்ன தங்கச்சி, 'புதுநாள்' எண்டு ஒண்டு கிடக்கு? பன்னிரண்டு வரிதான் இருக்கு. அழிச்சுவிடட்டோ?"

கையிலிருந்த கத்தரிக்கோலைத் தட்டத்தில் போட்டுவிட்டு ஓடிப்போனேன். "ஐயோ, வேண்டாம். இந்த அறை நடக்கிறதே அதாலைதான்."

அவர் அந்த வரிகளை இன்னொரு தரம், இந்த முறை ஆறுதலாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆர் எழுதினது? விசயம் தெரிஞ்ச ஆள்," என்றார்.

எங்களிடம் மருந்து கட்ட வந்த ஓர் அக்கா என்றேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் முதல் வந்த நாள் நல்ல வெயில். கரம்பொனிலிருந்து பஸ்ஸில் வந்து, வாசலில் செருப்போடு நின்றீர்கள். "மிஸி, செருப்பைக் கழட்டினால் உங்கட நிலம் பழுதாப்போம். கட்டு ஊறிப்போச்சு," என்றீர்கள். மற்றவர்கள் தங்கள் புண்ணுக்காகத்தான் கவலைப்படுவார்கள். நீங்கள் நான் கழுவி வைத்த தரைக்காகக் கவலைப்பட்டீர்கள். வலது கால் பெருவிரலுக்குக் கீழே புண். பல வருடமாகச் சீனி வருத்தம். கொழும்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு, ஊருக்குத் திரும்பித் தம்பி குடும்பத்தோடு இருந்தீர்கள். "கொழும்பிலை சிங்களமும் கொம்பியூட்டரும் படிச்சனான் மிஸி. சமைக்க மட்டும் படிக்கேல்லை. அதாலை தம்பி பெண்சாதிக்கு என்னிலை நல்ல விருப்பம், குசினிக்குள்ளை போட்டிக்குப் போகமாட்டன்," என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

நீங்கள் மிஸி என்று கூப்பிட்டாலும் நான் படித்துப் பட்டம் பெற்ற தாதி அல்ல. ஆறு மாதப் பயிற்சிதான். ஊர்ச் சங்கம் நடத்தும் இரண்டு அறைகளில், வருகிறவர்களின் புண்ணைக் கழுவி மருந்து கட்டுவது என் வேலை. வேலையிலிருந்து இளைப்பாறிய டொக்டர் ஐயா ஒருவர் பட்டணத்திலிருந்து சனிக்கிழமைகளில் வருவார். மற்ற நாட்களில் புண்ணைப் படமெடுத்து அவருக்கு அனுப்புவேன். அவர் பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவார்.

படங்களை எல்லாம் கொம்பியூட்டரில் ஒரே இடத்தில் கொட்டி வைத்திருந்தேன். ஒரு புண்ணுக்கும் மற்றப் புண்ணுக்கும் அடையாளம் என் ஞாபகம்தான். அது பழைய கொம்பியூட்டர். கரண்ட் நின்று வந்தால் அதன் திகதியும் எங்கேயோ பின்னுக்குப் போய்விடும். அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை சனம் அதிகம். உங்கள் கட்டை அவிழ்த்தபோது ஒரு மணம் வந்தது. படமெடுத்தேன், கழுவினேன், கட்டினேன். எல்லோரும் போனபிறகு டொக்டர் ஐயாவுக்குப் படங்களை அனுப்பினேன். உங்கள் காலுக்கு அவர் எழுதிய மறுமொழி: "நல்லா ஆறி வருகுது. அதே மருந்தைத் தொடருங்கோ." எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. ஆனால் படித்தவர் சொல்கிறார், நான் யார் என்று என் கண்ணையும் மூக்கையும் நம்பாமல் விட்டேன். அந்தச் சனிக்கிழமை கடும் மழை, அவர் வரவில்லை. திங்கட்கிழமை உங்கள் விரல் கறுத்திருந்தது. அன்றே உங்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். விரலை எடுத்தார்கள்.

அடுத்த நாள் தனியே இருந்து படங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் அனுப்பியது பத்து நாளுக்கு முந்திய படம். உங்கள் கால்தான், ஆனால் சிவந்து சுத்தமாக இருந்த காலத்துக் கால்.

அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்று வாரம். சோறு இறங்கவில்லை, ஆனாலும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம்தான் பெரிது.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். வேறு எங்காவது போயிருக்கலாம், போகவில்லை. தம்பியார் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்து, விரல் இல்லாத காலை நீட்டினீர்கள். கட்டை அவிழ்க்கக் குனிந்தேன். அவிழ்க்காமலே சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு டொக்டர் ஐயாவுக்குப் போனது பழைய படம். நான்தான் மாறி அனுப்பினனான். அவரிலை பிழையில்லை."

தம்பியார் எழும்பிவிட்டார். "என்ன சொல்லுறியள்? இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டே இருந்தனியள்? நான் இப்பவே சங்கத்திலை முறைப்பாடு குடுக்கிறன்."

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. உங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. பிறகு சொன்னீர்கள்:

"முறைப்பாடு குடுத்தால் மிஸியை நிப்பாட்டுவினம். படமெல்லாம் அப்பிடியேதான் கிடக்கும். மிஸி, அந்தக் கொம்பியூட்டரை ஒருக்காக் காட்டுங்கோ."

கதிரையோடு உங்களை மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கீழே கீழே உருட்டிக்கொண்டே போனீர்கள். காலும் குதியும் முழங்காலுமாக நூற்றுக்கணக்கில் படங்கள். நெடுநேரத்துக்குப் பிறகு கையை எடுத்தீர்கள். "இதுக்குள்ளை என்ரை காலை என்னாலையே கண்டுபிடிக்க ஏலாது," என்றீர்கள்.

இப்படி ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை அக்கா. கோபம் வரவில்லையா என்று பிறகொரு நாள் கேட்டேன். "வந்தது. வீட்டை போய் ஒரு கிழமை கோவமாத்தான் இருந்தனான். கோவத்தோடையும் வேலை செய்யலாம்," என்றீர்கள்.

அந்தக் கோபத்தோடுதான் மறுநாளே வந்திருக்கிறீர்கள். மருந்து கட்டி முடிந்ததும் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, வெறும் வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொரு வரியாக அடித்தீர்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அலுமாரி. அந்த ஆள் வாற ஒவ்வொரு நாளுக்கும் அலுமாரிக்குள்ளை ஒரு தட்டு. தட்டை நீங்கள் அடுக்க வேண்டாம், அது தானே அடுக்கும்," என்றீர்கள்.

அதுதான் 'புதுநாள்'. ஒருவரின் மருத்துவ அட்டை இலக்கத்தைக் கொடுத்தால், அந்த ஆளுக்குரிய இடத்தில் கடைசியாக இருக்கும் எண்ணைத் தேடி, ஒன்றைக் கூட்டி, அன்றைய திகதியோடு ஒரு புதுக் கோப்புறையைச் செய்து திறந்து காட்டும். அவ்வளவுதான். எண்ணுக்கு முன்னால் ஏன் இத்தனை சைபர் என்று கேட்டேன்.

"இல்லாட்டிப் பத்து வந்து ஒண்டுக்குப் பக்கத்திலை குந்தும், ரெண்டுக்கு முன்னாலை. கொம்பியூட்டர் எண்ணேல்லை மிஸி, எழுத்துக்கூட்டுது."

வருடத்தை முதலில் வைத்து, பிறகு மாதம், பிறகு நாள் என்று எழுதினீர்கள். அதற்கும் அதே காரணம்தான். திகதி பின்னுக்குப் போகிற நோய்க்கு நீங்களே பெட்டியைக் கழற்றி, உள்ளே செத்துக்கிடந்த வட்டப் பற்றரியைக் காட்டி, மணிக்கூட்டுக் கடையில் புதிதொன்று வாங்குவித்தீர்கள். அது போதாதென்று, கோப்புறையைச் செய்வதற்கு முன் திகதியைக் காட்டி 'இண்டைக்கு இதுதானே?' என்று கேட்கவும் வைத்தீர்கள். நான் ஓம் என்று அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. "ஒருக்கா நிண்டு பாக்க வைக்கவேணும். உங்களை நம்பாமல் இல்லை. சனம் கூடின நேரத்திலை ஆரும் ஆரையும் நம்பக்கூடாது."

முதல் அலுமாரி உங்களுடையது. ஒன்றிலிருந்து எட்டு வரை ஒழுங்காக வந்தது. ஒன்பதாம் நாள் நின்றுவிட்டது. ஏதோ பிழை என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது, கோப்புறை வரவில்லை. நான் பயந்துபோனேன். உங்களுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு நாள் அதோடு மினக்கெட்டீர்கள். மூன்றாம் நாள் பஸ்ஸால் இறங்கும்போதே கையை ஆட்டினீர்கள்.

"பிடிச்சிட்டன் மிஸி! முன்னுக்குச் சைபர் இருந்தால் அது எட்டெட்டா எண்ணுற கணக்கெண்டு நினைக்குது. அந்தக் கணக்கிலை எட்டெண்ட இலக்கமே இல்லை. எட்டோடை ஒண்டைக் கூட்டெண்டால் முழிக்குது."

"அப்ப என்ன செய்யிறது?"

"முன்னுக்கு ஒரு ஒண்டை வைச்சு ஏமாத்துறது. சைபர் தெரியாது. கூட்டி முடிஞ்சாப்பிறகு அந்த ஒண்டை வெட்டி எறியிறது."

எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் விரல் போன காலோடு, ஓர் எண்ணை ஏமாற்றிய சந்தோசத்தில் நீங்கள் வாசலில் நின்ற நிலை, அது முழுதாக விளங்கியது.

சுருவிலிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்துகொண்டிருந்தாரே, குதிகால் புண்ணோடு. அவருக்கு வலி தெரியாது. ஒவ்வொரு நாளும் பார்க்கிற எனக்குப் புண்ணில் மாற்றமும் தெரியவில்லை. ஒரு நாள் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். "அவரின்ரை தட்டுகளை முதல்லையிருந்து திறந்து, நிக்காமல் ஒண்டொண்டாப் பாருங்கோ," என்றீர்கள். பார்த்தேன். பதினாலாவது வரை புண் சுருங்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அதன் ஓரம் ஒரு நூல், ஒரு நூலாகப் பாதத்துக்குள் நகர்ந்திருந்தது. ஒரு வாரம் முழுக்க என் கண்ணுக்கு முன்னால் நகர்ந்திருக்கிறது.

அப்படியே வரிசையாக, எண்ணோடும் திகதியோடும் டொக்டர் ஐயாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே அழைத்தார். "உடனே ஏத்தி அனுப்பு பிள்ளை. நாளைக்கெண்டு வைச்சிருக்காதை." அந்த மனிதரின் கால் தப்பியது. மூன்று மாதத்தில் தன் தோட்டத்து வெங்காயத்தோடு நடந்து வந்தார். அவர் தன் செருப்போடு படியேறியதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இந்த அக்காவின் வேலையால்தான் உங்கள் கால் தப்பியது என்று அவருக்குச் சொல்ல நான் வாயெடுத்தேன். நீங்கள் தலையை ஆட்டித் தடுத்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அப்ப என்ரை விரலின்ரை கதையும் சொல்லவேண்டி வரும். உங்களுக்கு இன்னும் ஆறேல்லை," என்றீர்கள். உங்கள் கால் ஆறி மூன்று மாதம். ஆறாதது என்னுடையது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு உங்கள் சிறுநீரகம் சோர்ந்துபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்களைப் பார்க்க வந்தபோது முகம் ஊதி, குரல் மெலிந்திருந்தது. "எண்ணுக்கு நாலு இலக்கம்தான் வைச்சனான். பத்தாயிரமாவது நாளோடை குழம்பிப்போம்," என்றீர்கள். நான் கலங்கி, அப்ப என்ன செய்யிறது அக்கா என்றேன்.

"ஒரு ஆளுக்குப் பத்தாயிரம் தரம் மருந்து கட்டினால், பிழை கொம்பியூட்டரிலை இல்லை மிஸி, உங்களிலைதான்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணும் சிரித்தார். அதுதான் நான் கேட்ட உங்கள் கடைசிப் பகிடி. பத்து நாளில் கரம்பொன் சேமக்காலையில் உங்களை அடக்கம் செய்தோம். சனத்துக்குப் பின்னால் நின்றேன். தம்பியார் என்னைக் கண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்து அடுத்த கிழமை அவர் வந்தார். வாசலில் நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கும் சீனிதான். குதியிலை வெடிப்பு. அக்கா கடைசியிலை சொன்னவ, வேறை இடத்துக்குப் போகாதை, மிஸியிட்டைப் போ எண்டு."

கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உடனே இருக்கவில்லை.

"ஒண்டு கேக்கிறன். இனி அப்பிடிப் பிழை வராதெண்டு சொல்லுவியளே?"

வராது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் கேட்க விரும்பியதும் அதுதான். உங்கள் பன்னிரண்டு வரிகள் இருக்கின்றன, சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பதாம் நாளில் நின்றுபோன அந்த வரிகளையே நான் பார்த்திருக்கிறேன்.

"அப்பிடிச் சொல்ல ஏலாது அண்ணை," என்றேன். "குறைக்கிறதுக்கு அக்கா வழி செய்து தந்திட்டுப் போயிருக்கிறா. அதையும் மீறி வந்தால், உங்களுக்குத்தான் முதல் சொல்லுவன். அண்டைக்கே சொல்லுவன்."

அவர் கதிரையில் அமர்ந்து காலை நீட்டினார்.

அதற்குப் பிறகும் எனக்குப் பிழைகள் நடந்திருக்கின்றன அக்கா. ஒருவருக்குக் கட்டை இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒருவருக்கு வரவேண்டிய நாளை மாறிச் சொன்னேன். இரண்டு பேருக்கும் பொழுதுபடுவதற்கு முன் வீடு தேடிப்போய்ச் சொன்னேன். ஒருவர் ஏசினார். மற்றவர் தேத்தண்ணி தந்தார். ஏச்சுக் கேட்ட நாளிலும் எனக்குச் சோறு இறங்கியது.