நான்காம் சுற்று, ஏழாவது குண்டு

மார்ச் 4

காற்று. நாய்க்குச் சாப்பாடு வைத்தேன். காபி போட்டேன். இதை எழுதி முடிப்பதற்குள் ஆறிவிட்டது.

மார்ச் 7

நூலகத்தில் எனக்கு எழுத்துச் சொல்லித் தரும் ஜோலீன் டீச்சர் சொன்னார்: "தினம் ஒரு வரியாவது எழுதுங்க ஐயா. யாருக்கும் காட்ட வேண்டாம். எனக்குக்கூட வேண்டாம்."

அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். என் பெயர் ஆரின் டாக்கெட். வயது எழுபத்தெட்டு. நாற்பத்தோரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வெல்டர். போன செப்டம்பர் வரை என் பெயரைத் தவிர ஒரு சொல்லும் எனக்குப் படிக்க வராது. இது தெரிந்தவள் என் மனைவி வெர்னா மட்டும்தான். கடிதம், மருந்துச் சீட்டு, தீவன மூட்டை எல்லாவற்றையும் அவள் கண்ணால்தான் படித்தேன். "நான் சொல்லித் தர்றேன், உக்காருய்யா" என்று ஐம்பது வருடம் கேட்டாள். வேலை இருக்கிறது என்பேன். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 20

ஓட்ஸ் பெட்டியின் நான்கு பக்கமும் படித்தேன்!

இன்னொன்று. சாலை வளைவில் ஒரு பலகை. 'உள்ளே வராதே' என்று இருக்கும் என நினைத்து இருபது வருடமாக ஒதுங்கியே போனேன். இன்று வண்டியை நிறுத்திப் படித்தேன். 'முட்டை கிடைக்கும்.' ஒரு டஜன் வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 5

ரிவால்வர் இரண்டையும் பிரித்துத் துடைத்தேன். பழைய காலத்து மாடல். விசையை மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் துப்பாக்கியின் முதுகில் இருக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்கும்போது நான்கு சின்னச் சத்தம் கேட்கும். அதைவிட நல்ல சத்தம் இந்த வயோமிங் மாநிலத்திலேயே கிடையாது. உருளையில் ஆறு குழி, ஐந்தில்தான் தோட்டா. ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, குதிரையைக் காலிக் குழிமேல் இறக்கு. இதை யாரும் எனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. கைக்கே தெரியும்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் போட்டி. பன்னிரண்டு பேர். ஆறு சுற்று, சுற்றுக்குப் பத்துக் குண்டு. எந்தத் தகட்டை எந்த வரிசையில் சுட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கம்பத்தில் மாட்டியிருப்பார்கள். இரும்புத் தகடுகள், நான் வெட்டியவை; ஒவ்வொரு சுற்றுக்கும் தனித் தகடு, போட்டிக்கு முன் புதிதாக வெள்ளை அடிப்போம். தாள்தான் எனக்கு எமன். தப்பிக்க ஒரே வழி, கடைசியில் நிற்பது. மற்றவர்கள் சுடுவதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்வேன். கிளப்பில் எல்லோருக்கும் விளையாட்டுப் பெயர் உண்டு. எனக்கு என் நண்பன் டெல் வைத்த பெயர் கடைசிப் பந்தி.

"எல்லாரும் கை கழுவினப்புறம்தான்டா இவன் தட்டத் தூக்கிட்டு வருவான்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பது வருடமாக.

ஏப்ரல் 16

வெர்னாவின் பழுப்பு நோட்டுகளை எடுத்தேன். போட்டிக்கு வந்தால் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பாள். போட்டிக்கு ஒரு பக்கம். "என்ன எழுதற?" என்றால் "உன் வண்டவாளம்" என்பாள்.

நேராக அந்த நாளுக்குத்தான் போனேன். செப்டம்பர் 12, 1998. ஒரு நாள் முழுக்க, அறுபது குண்டில் ஒன்றுகூடத் தவறாமல் சுட்டால் கிளப்பில் பெல்ட்டுக்கு ஒரு வெள்ளி பக்கிள் கொடுப்பார்கள். எனக்கு அன்று கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வேறு பக்கிள் நான் போட்டதில்லை. மகளின் கல்யாணத்துக்கும் அதுதான். வெர்னாவை அடக்கம் செய்த அன்றும் அதுதான்.

அவள் எழுதியிருப்பதை அப்படியே பார்த்து எழுதுகிறேன். மெதுவாக.

'நாலாம் ரவுண்டு. ஏழாவது குண்டு தப்பு. தகட்டுக்குக் கீழே மண் தெறிச்சதை நான் பார்த்தேன். எண்ணுறவங்க மூணு பேரும் பார்க்கல. பக்கிள் குடுத்துட்டாங்க. மனுஷன் வாயெல்லாம் பல்லா வர்றார். நான் சொல்ல மாட்டேன். வேணும்னா படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.'

ஏப்ரல் 17

எழுத ஒன்றுமில்லை. பக்கிளைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

இதுக்காகவா படிச்சேன்?

ஏப்ரல் 20

காலையில் முட்டை வேகும்போது திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. வேணும்னா படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்! இருபத்திரண்டு வருடம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறாள். பொம்பளையா அவ?

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். பீன்ஸ் என் மடியில் மோவாயை வைத்துப் பார்த்தது. பீன்ஸ் என் நாய்.

முடிவு செய்துவிட்டேன். அறுபதும் தவறாமல் சுட்டு உண்மையான பக்கிளை வாங்குவேன். அதுவரை இடுப்பில் கயிறு கட்டினாலும் கட்டுவேன், அதைப் போட மாட்டேன்.

மே 13

 

கிளப்பில் யார் முதலில் பெயர் எழுதுகிறார்களோ அவர்தான் எல்லாச் சுற்றிலும் முதலில் சுட வேண்டும். காலை ஏழு மணிக்கே போய், வெள்ளைத் தாளின் தலையில் என் பெயரை நானே எழுதினேன். டெல் வந்து பார்த்தான். தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"என்னடா, பந்தி மாறி உக்காந்துட்ட?"

இனி மறைத்து என்ன? சொல்லிவிட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுடா. போன வருஷம் வரைக்கும்."

டெல் தாளில் என் பெயரை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "அப்ப ஓட்டல்ல நான் என்ன சொன்னாலும் 'எனக்கும் அதே'ன்னு சொல்லுவியே?"

"ஆமா."

"முப்பது வருஷமா ஈரலும் வெங்காயமுமா தின்ன?"

"எனக்கு ஈரலே பிடிக்காதுடா."

அவன் சிரித்த சிரிப்பில் தொப்பி காற்றில் போய்விட்டது. தொப்பியை எடுத்து வந்ததும் பக்கிளைக் கையில் கொடுத்தேன். வெர்னா எழுதியதைச் சொன்னேன்.

"தொண்ணூத்தெட்டுல ஏழாவது குண்டா? நேத்து என்ன சாப்பிட்டேன்னே எனக்கு நினைவில்ல."

"அன்னிக்கு எண்ணின மூணு பேர்ல நீ ஒருத்தன்டா."

"எண்ணினேன். சந்தேகம்னா பட்டது, நிச்சயம்னாத்தான் தப்பு. அதான் சட்டம். கிளப் குடுத்தது குடுத்ததுதான். திருப்பி வாங்கி என்ன பண்ண, என் கோவேறு கழுதைக்கு மாட்டவா?"

டைமர் பிடிக்கும் ராமோனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். முதல் சுற்றுத் தாளை எப்போதும் அவள்தான் சத்தமாகப் படிப்பாள். இன்று கம்பத்திலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்க படிங்க அங்கிள்."

படித்தேன். காற்றில் தாள் படபடத்தது. ஒரு சொல்லில் நின்றேன், எழுத்துக்கூட்டித் தாண்டினேன். மற்ற பதினொரு பேரில் ஒருவர்கூட இருமவில்லை. முடித்ததும் கைதட்டவும் இல்லை, அதற்காக அவர்களுக்கு நன்றி. எப்போதும் போலத் தோட்டா எண்ணத் தொடங்கினார்கள்.

இரண்டு குண்டு தவறியது. இருந்தாலும் வீடு வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 10

ஆலங்கட்டி மழை. போட்டி இல்லை.

ஜூன் 22

குதிரை இழுக்கும் வலது கட்டைவிரல் வலிக்கிறது என்று டாக்டரிடம் போனேன். அடி மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டதாம். நவம்பர் ஆரம்பத்தில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார். "அதுக்கப்புறம் கோப்பை பிடிக்கலாம், பேனா பிடிக்கலாம். துப்பாக்கிக் குதிரை இழுக்க முடியுமான்னு கேட்டா, முடியும்னு என்னால சொல்ல முடியாது."

ஆக, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். நான்கு சனிக்கிழமை.

ஜூலை 8

முதல் சுற்றின் முதல் குண்டே மண்ணில். மிச்சம் ஐம்பத்தொன்பதும் பட்டது. டெல் சொன்னான், "எதுக்குடா இப்படி அவசரப்படற? பந்தியில முதல்ல உக்காந்தா முதல் கவளமே விக்கணுமா?"

ஆகஸ்ட் 12

ஐம்பத்தேழு பட்டது. ஐம்பத்தெட்டாவது போனது. ஏன் என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தேழாவது பட்டதும் மனதுக்குள் பக்கிளை மாட்டிப் பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 9

விரல் வீங்கிவிட்டது. சுடவில்லை. தகடுகளுக்கு வெள்ளை அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 13

நாளை. கட்டைவிரலை வெந்நீரில் வைத்தேன். குதிரையை இருபது முறை மட்டும் இழுத்துப் பார்த்தேன், காலியாக. நான்கு சத்தமும் கேட்கிறது. வலிக்கிறது, ஆனால் கேட்கிறது.

அக்டோபர் 14

ஒன்று விடாமல் எழுத வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி.

பெயர் எழுதினேன், தாளின் தலையில். தாள்களை நானே படித்தேன். ஒன்று முதல் ஐந்து சுற்று வரை ஐம்பதும் பட்டது. நான் எண்ணவில்லை, பக்கிளையும் நினைக்கவில்லை. தகடு, குதிரை, விசை. தகடு, குதிரை, விசை. ஒவ்வொன்றுக்கும் விரல் ஒரு முறை கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன்.

ஆறாவது சுற்று. மூன்று தகடு. இடமிருந்து வலம் போய்த் திரும்பி வர வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. முதல் துப்பாக்கியால் ஒரு முறை, இரண்டாவதால் ஒரு முறை. ராமோனா, "தயாரா அங்கிள்?" என்றாள். டைமர் கீச்சிட்டது.

பத்தும் சுட்டேன். ஒன்பதாவது குண்டுக்கு இழுக்கும்போது விரல் வழுக்கியது. குதிரை நின்றது, ஆனால் குழல் கொஞ்சம் தாழ்ந்ததை உணர்ந்தேன். சத்தம் சரியாகக் கேட்கவில்லை. காற்று.

எண்ணுபவர்கள் மூவர். இருவர் முஷ்டியைக் காட்டினார்கள், தப்பில்லை என்று. டெல் ஒரு விரலைத் தூக்கினான்.

"மூணுக்கு ரெண்டு. தப்பில்ல. சட்டப்படி முடிஞ்சது" என்றாள் ராமோனா.

எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள். நான் டெல்லைப் பார்த்தேன். அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. "மண்ணு தெறிச்சுதுடா ஆரின். நடுத் தகட்டுக்குக் கீழ. சந்தேகம்னா சொல்லியிருக்க மாட்டேன். போன தடவை மாதிரி இன்னொரு தடவை ஆகக் கூடாதுன்னு கண்ணை இமைக்காம பார்த்தேன்."

"நல்லதுடா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகுதான் எனக்குத் தோன்றியது. "டெல், நான்தானே முதல்ல சுட்டேன்?"

"அதனால என்ன?"

"தகடு வெள்ளையா இருக்குமேடா!"

முப்பது வருடம் கடைசியில் சுட்டவன் நான். என் முறை வரும்போது பதினொரு பேர் சுட்டுத் தகடு முழுக்கக் குண்டின் ஈயம் அப்பிச் சாம்பல் நிறமாகியிருக்கும். அதில் என் குண்டு எது, ஊரான் குண்டு எது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. இன்று அங்கே என் குண்டைத் தவிர வேறு குண்டே இல்லை.

துப்பாக்கிகளைக் காலி என்று காட்டி மேசையில் வைத்தேன். ராமோனா எல்லோரையும் கோட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, "போங்க" என்றாள். டெல்லும் நானும் நடந்தோம். மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

இடது தகட்டில் நான்கு கறை. வலது தகட்டில் இரண்டு. நடுவில் நான்கு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது.

நான் முழங்காலில் உட்கார்ந்தேன். இந்தத் தகட்டை வெட்டியவன் நான், இதன் விளிம்பை உரசித் தேய்த்தவன் நான். கீழ் விளிம்பின் அடியில் விரலை ஓட்டினேன். ஒரு இடத்தில் வெள்ளை பெயர்ந்து, ஈயம் நாக்கால் நக்கியதுபோல வழுவழுப்பாக இருந்தது. புதிது. விரலில் சாம்பல் ஒட்டியது.

டெல்லின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். அவன் தடவினான். மறுபடி தடவினான். "பட்டிருக்கு" என்றான். "பட்டுட்டுத்தான் மண்ணுல போயிருக்கு. ஆரின்... பட்டிருக்குடா!" அதற்குப் பிறகு அவன் போட்ட சத்தத்தில் மேட்டில் மேய்ந்த மான்கள் ஓடிவிட்டன.

திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அப்ப வெர்னா அன்னிக்குப் பார்த்ததும் இதே மாதிரி—"

"வேண்டாம். அவ எழுதினது எழுதினதுதான்."

எனக்கு அதை மாற்ற விருப்பம் இல்லை. இப்போது தேவையும் இல்லை.

அக்டோபர் 15

இரவு எழுதி முடிக்கவில்லை, காலையில்தான் முடித்தேன்.

ஓட்டலில் டெல் விருந்து வைத்தான். பட்டியலை என் கையில் கொடுத்து, "படிச்சுச் சொல்லுடா, இன்னிக்கு எனக்கும் அதே" என்றான். மேலிருந்து கீழ் வரை சத்தமாகப் படித்தேன், இனிப்புகள் உட்பட. வறுத்த கோழி சொன்னேன். அவன் ஈரலை ஏக்கத்தோடு பார்த்தான், ஆனால் வாக்கு மாறவில்லை.

வெர்னாவின் நோட்டில் அந்தப் பக்கத்தின் அடியில் மூன்று விரல் இடம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்: 'படித்துத் தெரிந்துகொண்டேன். நேற்று அறுபதும் பட்டது. ஆரின்.'

என் எழுத்து அவள் எழுத்தைவிடப் பெரிது. கோணல். மேலும் கீழுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 21

வலது கையில் கட்டு. இதை இடது கையால் எழுதுகிறேன், மறுபடி முதலிலிருந்து கற்பதுபோல இருக்கிறது. பரவாயில்லை, வழி தெரியும்.

புது பக்கிள் இடுப்பில். பழையதைத் தோல் பட்டையில் கோத்து பீன்ஸின் கழுத்தில் மாட்டிவிட்டேன். 'ஒரு தப்பும் இல்லை, 1998' என்று போட்டிருப்பதைச் சுமந்துகொண்டு வாலைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறது. அதற்கு விஷயம் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

வேணும்னா படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.