மஞ்சள் வைத்த டென்ஷனர்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். மாமாவிடம் வேண்டவே வேண்டாம். அத்தையிடமும் வேண்டாம். இதுவரை படித்தது போதும், மடித்து வைத்துவிடுங்கள். இது என் அம்மாவுக்கு எழுதுவது. அம்மா செத்துப்போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா,

உன் டென்ஷனர், நம் கார் இன்ஜினில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்க நீ வாங்கிய உருளை, என் மடியில் இருக்கிறது. யூனிஃபார்ம் துப்பட்டாவில் சுற்றி, புத்தகப் பைக்கு அடியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். விரலால் தள்ளிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல், கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றி உடனே நின்றது. புதுசு அப்படித்தான் நிற்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். பழசுதான் உள்ளே கிரீஸ் காய்ந்து, கறகறவென்று நிற்காமல் ஓடும். இது புதுசு. இரும்பு ஓரத்தில் நீ வைத்த மஞ்சள் பொட்டு காய்ந்து வெடித்திருக்கிறது. அதன் நடுவில் குங்குமம் கறுத்திருக்கிறது.

இது இங்கே இருக்கக் கூடாது. நம் வண்டியின் இன்ஜினுக்குள் இருந்திருக்க வேண்டும். வண்டியோடு சேர்ந்து பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டும்.

மதுரைக்கு நாம் இதை வாங்கப் போன நாள் உனக்கு நினைவிருக்கிறதா? பின் சீட்டை மடக்கி, நீ விற்கிற பேண்டேஜ் துணிக் கட்டுகளை ஏற்றியிருந்தாய். வண்டி முழுக்கக் கஞ்சி வாசனை. ஆஸ்பத்திரிக் கடைகளில் கட்டுகளை இறக்கிவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். "பெல்ட்டு மட்டும் மாத்துனா போதுமாண்ணே?" என்று கேட்டாய். கடைக்காரர் சிரித்தார். "போதும்மா. பொறவு இன்ஜின் வாங்க எங்கிட்டயே வருவீங்க."

அவர் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெல்ட். அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர். பெல்ட் திரும்பி ஓடுகிற இன்னொரு உருளை. நம் வண்டியில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது என்று பம்பும் வைத்தார். இரண்டு ஆயில் சீல். நீ எல்லாவற்றையும் வாங்கினாய். திரும்பி வரும்போது ஸ்டீயரிங்கில் தட்டித் தட்டி எனக்குச் சொன்னாய்: "பெல்ட்டு புதுசா இருந்து அது ஓடுற உருளை பழசா இருந்தா என்னட்டி பிரயோசனம்? உருளை இறுகுனா பெல்ட்டு பிஞ்சிரும். பம்புல தண்ணி கசிஞ்சாலும் கெட்டுச்சு, சீல்ல ஆயில் கசிஞ்சாலும் கெட்டுச்சு. பிரிக்கிறது ஒரே வேலை. அப்பவே எல்லாத்தையும் மாத்திரணும்."

வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் பரப்பி, எல்லாவற்றுக்கும் மஞ்சள் வைத்தாய். பெல்ட்டுக்கு மட்டும் வைக்கவில்லை. அதில் பிசுக்கு எதுவும் படக்கூடாது என்று தாளைச் சுற்றி வைத்திருந்தாய். மறுநாள் மாமாவின் வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, இன்ஜினுக்கு வளைகாப்பா?" என்றார். வொர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "சிரிங்க. ஆனா இம்புட்டும் உள்ள போகணும்ணே" என்றாய். "எனக்கே பாடமாக்கும்" என்றார் மாமா.

சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோது, "எல்லாம் மாத்தியாச்சு தாயி" என்றார். நீ சாவியை வாங்கிக்கொண்டாய். அவ்வளவுதான்.

எனக்கு உன்மேலும் கோபம்தான் அம்மா. சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் எந்த வொர்க்‌ஷாப்பிலும் கழற்றிய பழைய சாமானைச் சாக்கில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுப்பார்கள். மாமாவும் கொடுப்பார். வெளியாளுக்குக் கொடுப்பார். அன்றைக்கு வழியிலேயே நான் கேட்டேன், நம்ம சாக்கு எங்கே என்று. "கூடப் பொறந்த அண்ணன்ட்டப் போயி பழசக் காட்டுன்னு கேக்கவாட்டி? அவிய என்ன நினைப்பாவ?" என்றாய். அவர் என்ன நினைப்பார் என்று யோசித்தாயே, நான் என்ன ஆவேன் என்று யோசித்தாயா?

அந்த ரோட்டை நான் கண்ணை மூடினாலும் பார்க்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடையில் துணிக் கட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கிற நேரம். முன்னாலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. ரேடியோவை அணைத்துவிட்டு, "என்னட்டி இது?" என்று காதைக் கொடுத்தாய். சத்தம் பெரிதாகி, டப்பென்று ஏதோ விட்டுப்போனது. இன்ஜின் செத்தது. ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிட்டது என்று இரண்டு கையாலும் இழுத்தாய். வண்டி பாதி ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக நின்றது. "எறங்கு, எறங்கி அங்கிட்டு ஓடு, போன் லைட்ட அடிச்சுக் காட்டு" என்று கத்தினாய். நான் இறங்கி ஓடினேன். நீ சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தாய். லாரி வந்தது.

நீ தூங்கவில்லை. நான் சாட்சி. நீ தூங்கவே இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில், கண்ணாடி தெறித்துக் கிழிந்த என் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது மாமா போலீஸ்காரரிடம், "பிள்ளை பின்னால தூங்கிருச்சு சார், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். துக்க வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "எம்புட்டோ சொன்னேன், பொம்பளைக்கு எதுக்கு இந்த ஓட்டம்னு. கேக்கலையே. கண்ணு சொக்கிருக்கு. வண்டி மேல தப்பே இல்ல, இப்பத்தான் பெல்ட்டு மாத்துனேன்." எல்லாரும் தலையாட்டினார்கள். உன் கால்மாட்டில் நின்று தலையாட்டினார்கள். நான் அத்தையிடம் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். "பயந்த பிள்ளைக்கு என்னமெல்லாமோ கேக்கும். மாமா வீட்டுல சோறு தின்னுக்கிட்டு வாய வச்சுக்கிட்டு இரு" என்றாள். அதற்குள் வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தை டீ பிளாஸ்க்கைக் கொடுத்து வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினாள். அங்கே நம் வண்டி மாதிரியே ஒரு வண்டி பிரித்துக் கிடந்தது. தேவதானத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றார். "எம்மக மாசமா இருக்கா. அடிக்கடி மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும். காலைல வாரேன், பாத்துப் பண்ணுங்க" என்றார். மாமா, "முழு செட்டையும் மாத்திருவோம் அண்ணாச்சி, எங்கிட்டயே புதுசு கிடக்கு" என்று அவரை அனுப்பிவிட்டு, மேல் தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார்.

உள்ளே இருந்து வாட்டர் பம்பை எடுத்தார். அதில் மஞ்சள் பொட்டு இருந்தது. அவர் பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தார். கை துடைக்க நீதான் கொண்டுவந்து கொடுப்பாயே, கழிவு பேண்டேஜ் துணி, அதே துணி. ஒரு கறையைத் துடைப்பது போலத் துடைத்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. "என்னட்டி அப்பிடிப் பாக்க? டீய வச்சுட்டுப் போ." அப்போது போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். பெட்டியில் டென்ஷனர் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

நம் வண்டியின் பழைய டென்ஷனர் நன்றாகத்தானே சுற்றுகிறது, புதுசை வேறு யாருக்காவது விற்கலாம் என்று நினைத்திருப்பார். தங்கச்சிதானே, கேட்கமாட்டாள் என்று நினைத்திருப்பார். கொல்ல நினைக்கவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் தன் தப்பு தெரிந்த பிறகும் உன் தூக்கத்தின் மேல் பழியைப் போட்டாரே, அதை வேண்டுமென்றேதான் செய்தார். அதை நான் விடமாட்டேன்.

ஆனால் அம்மா, வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டென்ஷனரைக் காணோம் என்றதும் மாமா என்ன செய்வார்? தேவதானத்துக்காரரின் பழைய டென்ஷனரையே துடைத்து மாட்டிவிட்டு, "எல்லாம் மாத்தியாச்சு அண்ணாச்சி" என்பார். அந்த அக்கா வயிற்றில் பிள்ளையோடு அதே ரோட்டில் போவாள். இதைத் திரும்ப வைத்தால் அவள் பிழைப்பாள், ஆனால் மஞ்சளைத் துடைத்துவிடுவார். அப்புறம் நீ தூங்கிச் செத்தவளாகவே இருப்பாய். மாமாவும் அத்தையும் இன்றைக்குச் சாப்பிடும்போது என்னையே பார்த்தார்கள். இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக இடமில்லை.

இருந்தாலும் ஒன்று முடிவு செய்துவிட்டேன். காலையில் பள்ளிக்கூடம் போகிற மாதிரி கிளம்பி, பஸ் நிறுத்தத்தில் தேவதானத்துக்காரருக்காகக் காத்திருப்பேன். இதை அவர் கையில் கொடுத்து மஞ்சளைக் காட்டுவேன். என்ன நடந்தது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸிலும் அவரை வைத்துக்கொண்டே சொல்வேன். வண்டியை எடுக்கும் முன்னால் பழைய சாமானைக் கேளுங்கள், பெல்ட்டை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள், டென்ஷனர், உருளை, பம்பு, சீல் எல்லாம் சாக்கில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள் என்று சொல்வேன். கேட்க அவர் வெட்கப்பட்டால் நான் கேட்பேன். நீ கேட்காததை உன் அண்ணனிடம் நான் கேட்பேன். எல்லார் முன்னாலும், சத்தமாக, மாமா, பழசு எங்கே

மாமா கதவைத் தட்டுகிறார்.

"ஏட்டி, முழிச்சிருக்கியா? வொர்க்‌ஷாப்புல ஒரு சாமானக் காணோம்."

அம்மா, டென்ஷனரை இறுக்கிப் பிடித்ததில் உன் மஞ்சள் என் உள்ளங்கையில் ஒட்டியிருக்கிறது. இதை அவரால் துடை